தாம்பரம் வட்டார வேன்களில் குளிரூட்டி: வரலாறும் பழுதுநீக்கமும்

தாம்பரம், பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் ஓடும் பழைய வேன்களில் "ஏசி கூலிங் இல்லை" என்பது ஒவ்வொரு கோடையிலும் எழும் புகார். "கேஸ் போயிருக்கும், கேஸ் அடித்தால் சரியாகிவிடும்" என்பது அதற்குக் கிடைக்கும் வழக்கமான விடை. இந்த விடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1980களிலும் 90களிலும் அது பெரும்பாலும் சரியான விடையாகவே இருந்தது. அதன் பிறகு வாயு, எண்ணெய், ரப்பர் குழாய், கசிவைக் கண்டறியும் கருவி எல்லாம் மாறின. விடை மட்டும் மாறவில்லை. பழைய வேன் ஒன்றின் குளிரூட்டி ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்று அறிய, அது எந்தக் காலத்து அமைப்பு என்பதை முதலில் அறிய வேண்டியிருக்கிறது.

குளிரூட்டிக்கு முன்

சென்னைக்குச் செயற்கைக் குளிர்ச்சி கப்பலில் வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடரின் நிறுவனம் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. பனிக்கட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு வெட்டிவேர்த் தட்டி இருந்தது. நீர் தெளித்த தட்டியின் வழியே வரும் காற்று குளிர்வது வறண்ட வட இந்தியாவில் நன்றாக நடக்கும். சென்னையின் காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருப்பதால் இங்கே மணம்தான் மிஞ்சும். இதே காரணத்தால்தான், அமெரிக்கப் பாலைவனச் சாலைகளில் கார்ச் சன்னலில் மாட்டிக்கொண்ட நீராவிக் கூலர் இந்தக் கடற்கரை ஊருக்குப் பொருந்தாது.

தாம்பரத்துக்கு அப்போது காற்றுக்கென்றே ஒரு பெயர் இருந்தது. மருத்துவர் டேவிட் சவுரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை அமைக்கத் தேர்ந்தெடுத்தது பச்சைமலை அடிவாரத்தைத்தான். இன்றும் ரயில் நிலையத்தின் பெயராக அது நிலைத்திருக்கிறது.

வாகனத்துக்குள் எந்திரக் குளிரூட்டி முதலில் வந்தது அமெரிக்காவில். பேக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் அதைப் பொருத்தி விற்றது. கம்ப்ரசரை எஞ்சினிலிருந்து பிரிக்கும் கிளட்ச் அதில் கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

எஞ்சினோடு ஒரே அறையில்

தாம்பரம் வட்டாரத்துக்கு வேன் வெளியூர்ச் சரக்கு அன்று. பெருங்களத்தூர் – வண்டலூர் எல்லையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், கார்களுடன் 'ஸ்டாண்டர்டு 20' என்ற வேனையும் தயாரித்தது. பிரிட்டனின் ஸ்டாண்டர்டு அட்லஸ் வேனை அடியொற்றிய வண்டி அது. அதில் எஞ்சின் மூக்கில் இல்லை. ஓட்டுநருக்கும் அருகில் அமர்பவருக்கும் நடுவே, ஒரு மூடிக்குக் கீழே இருந்தது. பஜாஜ் டெம்போவின் மேட்டடாரும் அதே வகை. 1984இல் வந்து 2019 வரை தயாரான மாருதி வேன், அதாவது பிற்கால ஆம்னி, எஞ்சினை முன் இருக்கைகளுக்கு அடியிலேயே வைத்திருந்தது.

குளிரூட்டியின் வரலாற்றில் இந்த அமைப்பு முக்கியமானது. எஞ்சின் பயணிகளோடு ஒரே அறையில் இருக்கும் வண்டியில், எஞ்சின் மூடியின் ஓரத்து ரப்பர் பீடிங் காய்ந்து உதிர்ந்துவிட்டால், சூடான காற்று நேராக உள்ளே வரும். எவ்வளவு கேஸ் அடித்தாலும் அந்தக் காற்று நிற்காது. பழைய ஆம்னி ஒன்றில் "முன்னால் குளிரவே இல்லை" என்ற புகாருக்குக் காரணம் இருக்கைக்கு அடியில் இருப்பது அரிதன்று. நூறு ரூபாய் ரப்பர் பட்டையைப் பார்க்காமல் கம்ப்ரசரை மாற்றுவது எந்தக் காலத்திலும் நடக்கக்கூடியது.

ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' காரை வெளியிட்டு, அது எடுபடாமல் 1988இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆலை நிலத்தில் இப்போது தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. வேன் செய்த இடத்துக்கு ஊழியர்களை ஏற்றிக்கொண்டு ஏசி வேன்கள் வந்து போகின்றன.

கேஸ் அடித்தலின் காலம்

இந்தியாவில் 1980களின் நடுப்பகுதி வரை வாகனக் குளிரூட்டி என்பது பெரும்பாலும் பின்னர் பொருத்தியதாகவே இருந்தது. டேஷ்போர்டின் கீழே தொங்கும் ஒரு பெட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் திணித்த கண்டென்சர், எஞ்சினில் தனித் தாங்கி அடித்து மாட்டிய கம்ப்ரசர், இவற்றை இணைக்க அளந்து வெட்டிய ரப்பர் குழாய்கள். 1985இல் சுசூகி, டென்சோ நிறுவனங்களின் கூட்டுடன் சப்ராஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகே தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய சிறு கார்கள் பரவலாயின. வேன்களில் பின்னர் பொருத்தும் வழக்கம் இன்னும் நெடுங்காலம் நீடித்தது.

அந்த அமைப்புகளில் ஓடியது ஆர்-12 என்ற குளோரோஃபுளோரோகார்பன் வாயு. தமிழ்நாட்டில் மேட்டூரிலேயே அது தயாரானது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் மோட்டாரோடு சேர்த்து இரும்புக் குடுவைக்குள் மூடிப் பற்றவைக்கப்பட்டிருக்கும். வாகனத்தில் அது முடியாது. பெல்ட் சுழற்றும் அச்சு கம்ப்ரசருக்கு வெளியே நீட்டியிருந்தாக வேண்டும். அந்த அச்சைச் சுற்றி ஒரு சீல் இருக்கும். வண்டி சில வாரம் ஓடாமல் நின்றால் சீலின் மேல் எண்ணெய் காய்ந்து, வாயு மெல்லக் கசியும். அக்கால நைட்ரைல் ரப்பர் குழாய்களோ வாயுவைத் தம் சுவர் வழியாகவே சிறிது சிறிதாக வெளியேற விட்டன. எங்கும் ஓட்டை இல்லாவிட்டாலும் ஓரிரு ஆண்டில் வாயு குறைவது இயல்பு.

ஆகவே ஏப்ரல் மாதத்தில் வேனை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொஞ்சம் கேஸ் ஏற்றிக்கொள்வது, எண்ணெய் மாற்றுவது போன்ற பராமரிப்பாகவே இருந்தது. அதற்கு உதவும் இரண்டு எளிய சாதனங்கள் அப்போது இருந்தன. ஒன்று, ட்ரையரின் தலையில் இருந்த சிறு கண்ணாடிச் சாளரம். கேஸ் குறைந்திருந்தால் அதில் குமிழிகள் ஓடும். நிரப்ப நிரப்பக் குமிழிகள் மறையும். மறைந்ததும் நிறுத்த வேண்டும். மற்றொன்று ஹாலைடு விளக்கு. அதன் உறிஞ்சுகுழாயைக் குழாய் மூட்டுகளின் அருகே நகர்த்திக்கொண்டு போனால், கசியும் இடத்தில் சுடர் பச்சையாக மாறும். சூடான செம்பின் மேல் குளோரின் படுவதால் ஏற்படும் நிறம் அது. படிப்போ அளவுமானியோ தேவைப்படாத இந்த இரண்டும் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளைத் துல்லியமாக வேலை செய்ய வைத்தன.

ஆர்-12 விடைபெறுதல்

குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. 1992இல் இந்தியா அதில் இணைந்தது. 2000ஆம் ஆண்டின் ஓசோன் சிதைக்கும் பொருள்கள் விதிகள் வழியாக, 2003 முதல் புதிய குளிர்பதனக் கருவிகளில் இவ்வாயுக்களைப் பயன்படுத்துவது நின்றது. 2008 ஆகஸ்டில் ஆஸ்துமா உறிஞ்சிகளுக்கான சிறு விலக்கு நீங்கலாக நாட்டில் உற்பத்தியே நின்றுவிட்டது. வாகனங்களில் ஆர்-12இன் இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது.

வெளியிலிருந்து பார்க்க இது ஒரு சிலிண்டரை வைத்து இன்னொன்றை எடுப்பது போலத்தான் இருந்தது. உண்மையில் தொழிலின் அடிப்படையே மாறிவிட்டது. ஆர்-134ஏயில் குளோரின் இல்லை. எனவே ஹாலைடு விளக்கின் சுடர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கசிவு கொட்டினாலும் நீலமாகவே எரிந்தது. கண்ணாடிச் சாளரமும் ஏமாற்றத் தொடங்கியது. புதிய வாயுவும் அதற்கான எண்ணெயும் சேர்ந்து, அளவு சரியாக இருக்கும்போதே மங்கலாகவும் குமிழிகளோடும் தோன்றுவதுண்டு. குமிழி மறையும் வரை அடிப்பது என்ற பழைய கணக்கைப் பின்பற்றினால் அளவு மிஞ்சிப்போகும். மிஞ்சிய வாயு கண்டென்சரில் நீர்மமாகத் தேங்கி, வெப்பத்தை வெளியேற்றும் பரப்பைக் குறைத்து, அழுத்தத்தை உயர்த்தி, குளிர்ச்சியைக் குறைக்கும். கூலிங் குறைந்தது என்று மறுபடியும் கேஸ் அடிக்கப்படும். ஆர்-12 காலத்தில் மருந்தாக இருந்தது இங்கே நோயாக மாறிய இடம் இதுதான்.

எண்ணெய்ச் சிக்கல் இன்னும் கொடியது. பழைய கம்ப்ரசர்களில் கனிம எண்ணெய் இருந்தது. அது ஆர்-12உடன் கலந்து அமைப்பு முழுவதும் சுற்றிவந்து மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்பும். ஆர்-134ஏயில் கனிம எண்ணெய் கரைவதில்லை. வாயுவை மட்டும் மாற்றிய வேனில், எண்ணெய் கூலிங் காயிலில் போய்த் தங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு ஓடிச் சில மாதங்களில் இறுகிவிடும். அரைபட்ட உலோகத்தூள் கண்டென்சரின் நுண்குழல்களை அடைத்துக்கொள்வதால், அடுத்துப் போடும் கம்ப்ரசரும் அதே கதிக்கு ஆளாகும்.

முறையாக மாற்ற வேண்டுமானால் பழைய எண்ணெயை வடித்து எஸ்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். புதிய வாயுவுக்கு ஏற்ற உலர்த்தி கொண்ட ட்ரையர் போட வேண்டும். ஓ-ரிங்குகளை மாற்ற வேண்டும். கூடுமானால் உள்ளே நைலான் அடுக்கு கொண்ட குழாய்கள் போட வேண்டும். வெற்றிடப் பம்பு வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகு, பழைய எடையில் 80 முதல் 90 விழுக்காடு மட்டுமே நிரப்ப வேண்டும். 2000களில் தேசிய சி.எஃப்.சி. நுகர்வு நீக்கத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் குளிர்பதனத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி நடந்தது இவற்றுக்காகத்தான்.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்று மிஞ்சும். 0 டிகிரியில் இரு வாயுக்களின் அழுத்தமும் ஏறத்தாழச் சமம். 60 டிகிரியில் ஆர்-12க்கு சுமார் 15 பார், ஆர்-134ஏக்கு சுமார் 17 பார். 40 டிகிரி வெயிலில் தார்ச்சாலை மேல் நிற்கும் வேனின் கண்டென்சர் 60ஐத் தாண்டும். சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரியைத் தொட்டதை நினைவில் கொள்ளலாம். ஆர்-12க்காக அளவெடுத்த சிறிய கண்டென்சரில், முறையாக மாற்றப்பட்ட வேன்கூடக் காலையில் நன்றாகக் குளிர்ந்து, நடுப்பகலில் திணறுவதற்குக் காரணம் இந்த வேறுபாடு. அங்கே தேவை பெரிய கண்டென்சரும் கூடுதல் விசிறியும்.

நீள வேன்களும் ஜி.எஸ்.டி. சாலையும்

பஜாஜ் டெம்போ 1987இல் வெளியிட்ட டிராவலர், மெர்சிடிஸ் வேன் ஒன்றின் வழிவந்தது. எஞ்சின் முன்மூக்கில் இருந்ததால் உள்ளே வெப்பம் குறைவு, நீளமான உடல், 12 பேருக்கு மேல் அமரலாம். சபரிமலை, மேல்மருவத்தூர், அறுபடை வீடு என்று போகும் குழுக்களுக்கு அது பொருத்தமாக இருந்தது. 2000இல் டைடல் பார்க் திறக்கப்பட்டு, பழைய மாமல்லபுரம் சாலையும் தாம்பரம் மெப்ஸ் வளாகமும் கணினி அலுவலகங்களால் நிறைந்தபோது, ஊழியர்களை வீட்டு வாசலில் ஏற்றி இறக்கும் வேலையும் வேன்களுக்கு வந்தது. கோயில் பயணத்தில் ஏசி ஓர் ஆடம்பரம். அலுவலக ஒப்பந்தத்தில் அது நிபந்தனை. ஏசி வேலை செய்யாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டால், மாதத் தவணை கட்டும் ஓட்டுநருக்கு அன்றைய வருமானம் போய்விடும். "இப்போதைக்கு கேஸ் அடித்து அனுப்பு" என்று அவர் கேட்பது அறியாமையால் மட்டும் அன்று. (இதே வழித்தடத்தின் மின்ரயிலுக்குக் குளிரூட்டி வந்தது 2025 ஏப்ரல் 19 அன்றுதான்.)

நீள வேனுக்கு ஒரு கூலிங் காயில் போதாது. முன்னால் டேஷ்போர்டில் ஒன்றும், பின்னால் கூரையில் ஒன்றுமாக இரண்டு இருக்கும். கம்ப்ரசர் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எக்ஸ்பேன்ஷன் வால்வு. பின்பக்கம் குளிர்ந்து முன்பக்கம் மட்டும் சூடாக இருந்தால், பொதுவான கேஸைச் சந்தேகிப்பதற்கு முன் முன்பக்க வால்வையும் புளோயரையும் பார்க்க வேண்டும்.

இந்த வண்டிகளின் உண்மையான எதிரி வேகமின்மை. நெடுஞ்சாலையில் ஓடும்போது காற்று தானே கண்டென்சர் வழியாகப் பாயும். கம்ப்ரசரும் வேகமாகச் சுழலும். இரும்புலியூரிலிருந்து வண்டலூர் வரை பொங்கலுக்கு முந்தின இரவில் ஊர்ந்து செல்லும் வேனில் இரண்டும் இல்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு அந்த நெரிசலின் இடம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. போதாததற்குப் பல்லாவரம் – திரிசூலம் கல்குவாரிகள் இருந்த சாலைகளின் தூசியும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளைப் பதம் பார்க்கின்றன.

ஈரப்பதத்தின் பங்கும் பலரும் நினைப்பதைவிடப் பெரியது. காற்றிலிருந்து 1 லிட்டர் நீரைப் பிரிக்கச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். கொதிக்கும் 1 லிட்டர் தண்ணீரை உறைநிலை வரை கொண்டுவர எடுக்க வேண்டியது சுமார் 420தான். டேஷ்போர்டில் வெளிக்காற்றுக் கதவு திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட வேன், கடற்கரை மாவட்டத்தின் காற்றையெல்லாம் உலர்த்திக்கொண்டு ஓடுகிறது. டெல்லியில் நன்றாக இருந்து இங்கே விலைக்கு வந்த பழைய வண்டி இங்கே குளிராமல் போவதற்கு அந்தக் கதவே காரணமாக இருக்கலாம்.

பழுதைக் கண்டறிதல்

தேர்ந்த மெக்கானிக் கேஜை மாட்டுவதற்கு முன்பே கையால் தொட்டுப் பார்த்துப் பாதியைத் தெரிந்துகொள்வார். கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாய் சில்லிட்டு வியர்த்திருக்க வேண்டும். கண்டென்சரிலிருந்து வரும் மெல்லிய குழாய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அந்த மெல்லிய குழாய் கைவைக்க முடியாமல் சுட்டால், கண்டென்சர் வெப்பத்தை விடவில்லை என்று பொருள். அப்போது செய்யக்கூடிய மிக மலிவான சோதனை, ஒரு வாளித் தண்ணீரைக் கண்டென்சர் மேல் மெல்லத் தெளிப்பது. உடனே உள்ளே குளிர்ந்தால் பெரும்பாலும் குறை வாயுவில் இல்லை. அழுக்கடைந்த தகடு, ஓடாத விசிறி, அல்லது மிஞ்சிய கேஸ் ஆகியவற்றில் ஒன்று காரணம்.

இரவு முழுதும் நின்ற வேனில், எஞ்சினை இயக்காமலே கேஜ் மாட்டுவது இன்னொரு நல்ல பழக்கம். 30 டிகிரியில் தூய ஆர்-134ஏ காட்ட வேண்டியது சுமார் 97 பி.எஸ்.ஐ. அதைவிடத் தெளிவாக அதிகம் காட்டினால் உள்ளே காற்றோ வேறு வாயுவோ கலந்திருக்கிறது. மிகக் குறைவாக இருந்தால் வாயு உண்மையிலேயே போய்விட்டது. அப்போது கசிவைத் தேட வேண்டும். 97 காட்டுவதால் அளவு சரி என்று ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீர்மம் கொஞ்சமே இருந்தாலும் அழுத்தம் அதுவாகத்தான் இருக்கும். அளவைத் தராசுதான் சொல்லும்.

இயக்கிய பிறகு இரு முள்ளும் தாழ்ந்திருந்தால் வாயு குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கண்டென்சர் பக்கத்துக் குறை அல்லது மிகைநிரப்பு. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. தாழ்பக்க முள் வெற்றிடத்துக்கே இறங்கினால் வழியில் அடைப்பு.

குழப்பமானது "அரை மணி நேரம் குளிர்கிறது, பிறகு நின்றுவிடுகிறது, நிறுத்தி ஓய்வு கொடுத்தால் மறுபடி குளிர்கிறது" என்ற புகார். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றும் ஓய்வில் சரியாவதால் ஒன்றுபோலவே தோன்றும். புளோயர் சத்தமாக ஓடியும் காற்று குறைந்துகொண்டே போனால், தெர்மோஸ்டாட் பழுதாகிக் கூலிங் காயில் பனியால் மூடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியதும் அடியில் தண்ணீர் கொட்டும். காற்று வேகமாகவே வந்தும் சூடாக இருந்தால், உள்ளே ஈரம் புகுந்து எக்ஸ்பேன்ஷன் வால்வின் துளையில் உறைகிறது. ட்ரையரை மாற்றி வெற்றிடம் இழுக்க வேண்டும். கம்ப்ரசரின் முகத் தகடு சுழலாமலே நின்றிருந்தால், தேய்ந்த கிளட்சின் இடைவெளி பெரிதாகி, சூடேறிய சுருளால் தகட்டை இழுக்க முடியவில்லை. வெறுமனே கேஸ் அடிப்பது இந்த மூன்றில் ஒன்றையும் தீர்க்காது. ஆனால் அடித்து முடிக்கும் நேரத்தில் வண்டி ஓய்ந்து ஆறியிருப்பதால், தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். அந்த நம்பிக்கை இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

2015 வெள்ளத்துக்குப் பின்

2015 டிசம்பர் 1 – 2 அன்று 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் அடையாற்று நீர் புகுந்து வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வேனில் கேஸ் சுற்று மூடியதாக இருப்பதால் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். கெடுவது அதைச் சுற்றியுள்ளவை: புளோயர் மோட்டார், அதன் மின்தடைப் பலகை, கண்டென்சர் விசிறி, கிளட்ச் பேரிங், ரிலேக்கள், ஒயர் முனைகள். இவை உடனே நிற்பதில்லை. உலர்ந்து, ஓடி, சில மாதம் கழித்து முனைகளில் பச்சை பூத்து நிற்கும். கூலிங் காயில் பெட்டிக்குள் தங்கிய சேறு வடிகுழாயை அடைத்து, அடுத்த கோடையில் முன்னிருக்கைக்காரர் காலில் தண்ணீர் சொட்ட வைக்கும். பழைய வேன் வாங்குபவர்கள் டேஷ்போர்டின் உள்மூலையில் வண்டல் கோட்டைத் தேடிப் பார்ப்பது அப்படி வந்த பழக்கம்.

கேரவன்

தங்கிப் பயணிக்கும் வண்டி என்ற பொருளில் கேரவன் தமிழ்நாட்டில் பரவவில்லை. இங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள், படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. அண்மை ஆண்டுகளில்தான் பழைய டிராவலர்களைப் படுக்கை, அடுப்பு, ஏசியுடன் மாற்றிக்கொள்ளும் ஆர்வம் வளர்ந்திருக்கிறது.

இவ்வகை வண்டியில் பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் குளிரூட்டிகள் இருக்கும்: எஞ்சினால் ஓடும் ஒன்று, மின்சாரத்தால் ஓடும் வீட்டு ஏசி ஒன்று. எது குளிரவில்லை என்று கேட்பதே முதல் கேள்வி. வீட்டு ஏசி சுவரில் அசையாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. சாலைக் குலுக்கலில் அதன் செப்புக்குழாய் மூட்டுகள் தளர்ந்து கசிவதால், இங்கே கேஸ் உண்மையிலேயே போகும்; மூட்டை இறுக்காமல் நிரப்பினால் மறுபடி போகும். வெளியே இருக்க வேண்டிய பாகத்தை அழகுக்காக மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டால், தான் கக்கிய சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு அது அணைந்துபோகும். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம் எடுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது அதில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஏறத்தாழ வராது. ஆகவே இரவு முழுதும் குளிர வேண்டுமென்றால் ஜெனரேட்டர் வேண்டும்.

ஆபத்து அங்கே இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்தில் இருந்த துளை வழியே உள்ளே வந்தது என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு கண்டது. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கும் சாதாரண வேனுக்கும் இது பொருந்தும். பழைய வண்டியில் தளத்துத் துரு, ஒயர் போன துளைகள், பின்கதவின் ரப்பர், சைலன்சர் மூட்டு ஆகியவற்றைச் சோதிப்பதும், மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றை மாட்டுவதும் குளிர்ச்சிக் குறைபாட்டைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியவை.

அடுத்த வாயு

ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை என்றாலும், புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வலிமையுள்ளது. 2016இன் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி 2028இல் இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வரும், 2047க்குள் 85 விழுக்காடு குறைய வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கிடையாது. அங்கே ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. அது இலேசாகத் தீப்பற்றக்கூடியது, விலையும் பன்மடங்கு. பழைய அமைப்பில் தவறிக்கூட ஏற்றிவிடாதபடி, அதன் நிரப்புவாய் ஆர்-134ஏயின் இணைப்பியோடு பொருந்தாத அளவில் செய்யப்பட்டிருக்கிறது. ஆர்-12இலிருந்து மாறியபோதும் நிரப்புவாயை அப்படித்தான் மாற்றினார்கள்.